பொருளை மதிப்பிடும் தமிழ்

கவிதைக்கும் கதைக்கும் திறனாய்வு எழுதுவோர் நம்மிடையே பலர் உளர். நாவலின் பாத்திரப் படைப்பைப் பற்றியும் புதுக்கவிதையின் படிமத்தைப் பற்றியும் கருத்தரங்குகள் நிகழ்கின்றன. ஆயின், ஒரு குடும்பம் நாள்தோறும் கையாளும் சோற்றுப் பானையையும் அரைவைப் பொறியையும் நீர் வடிகட்டியையும் பற்றித் தமிழில் எழுதப்படும் உரைநடையை எவரும் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வதில்லை. செய்தி என்றும் அறிவுரை என்றும் விளம்பரம் என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம். நம் மாணவருள் பெரும்பாலோர் பள்ளியை விட்டு அகன்றபின் மிகுதியாக எதிர்கொள்ளப் போகும் தமிழ் இதுவே. நாளிதழின் விளம்பரப் பத்தியும், வானொலியில் ஒலிக்கும் பரிந்துரையும், வீட்டு வாசலுக்கு வரும் விற்பனையாளரின் இனிய பேச்சும் இத்தமிழாலேயே ஆனவை. இதனை நம்பி அவர்கள் கைப்பணத்தைக் கொடுக்கப் போகிறார்கள். ஆதலின் இவ்வுரைநடை எத்தகையது, எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் விட்டிருக்கிறது என்று நோக்குவது தமிழாசிரியர்க்குப் புறம்பான வேலை ஆகாது.

மலேசியத் தமிழில் இவ்வகை எழுத்துக்கு ஒரு பிறந்தகம் உண்டு. அது பினாங்கு. 1969ஆம் ஆண்டு இங்கே பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோன்றியது. அதற்கு நெடுங்காலம் தலைமை தாங்கி, 2019ஆம் ஆண்டு மே திங்களில் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் ஒரு வணிகர். விற்கும் குடியிற் பிறந்த ஒருவர் வாங்குவோர் பக்கம் நின்றது இச்சங்கத்தின் வரலாற்றில் சுவையான செய்தி. தொடக்க காலத்தில் அவரோடு நின்ற அன்வார் பசால் 1978 முதல் 1984 வரை உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக விளங்கினார். அக்கூட்டமைப்பின் ஆசிய பசிபிக் அலுவலகமும் ஜார்ஜ் டவுனிலிருந்து இயங்கியதுண்டு. சங்கம் பிற மொழிகளோடு தமிழிலும் 'பயனீட்டாளர் குரல்' என்னும் இதழை வெளியிட்டது. பள்ளிகளில் பயனீட்டாளர் மன்றங்களை அமைத்தது. தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் பற்பசையைப் பற்றியும் பதப்படுத்திய உணவைப் பற்றியும் கட்டுரை எழுதக் கற்றது இவ்வியக்கத்தின் வழியேதான்.

'பயனீட்டாளர்' என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டார் 'நுகர்வோர்' என்பர். 1986ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் அங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்றே வழங்கிற்று. இலங்கைத் தமிழர் 'பாவனையாளர்' என்பதையும் வழங்குவர். பாவனை என்பது அவர்களுக்குப் பயன்படுத்தல். தமிழ்நாட்டாருக்கோ அது பொய்த்தோற்றம். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தால் நகைப்பு எழலாம். நுகர்தல் என்பதில் ஐம்புல இன்பத்தின் மணம் வீசுகிறது. பொருள் கைக்கு வந்தவுடன் நுகர்ச்சி தொடங்கிவிடுகிறது. பயனீட்டாளர் என்னும் சொல்லோ பொருளிலிருந்து பயனை ஈட்டுபவர் என்று விரிகிறது. ஈட்டுவதற்குக் காலம் வேண்டும். வாங்கிய அன்று பளபளத்த பொருள் மூன்றாம் ஆண்டிலும் பயன் தருகிறதா என்ற வினா அச்சொல்லினுள்ளேயே இருக்கிறது. மூன்றினுள் மலேசியர் தேர்ந்த சொல்லே சிறந்தது என்பது என் துணிபு. ஆனால் அச்சொல் எழுப்பும் வினாவுக்கு நம் உரைநடை விடை சொல்லியிருக்கிறதா என்பதுதான் இங்கே ஆராயத் தக்கது.

வாணிகத்தைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நம் ஆசிரியர்கள் பட்டினப்பாலையை நாடுவர். கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமலும் நடுவுநிலையில் நின்ற வணிகரை அந்நூல் போற்றுகிறது. போற்றத் தக்கதே. எனினும் அது விற்பவனின் நேர்மையைப் பற்றிய பாட்டு. விற்பவன் நேர்மையற்றவனாயின் வாங்குபவன் என்ன செய்வது என்பதற்கு அங்கே விடை இல்லை. அவ்விடைக்கு இளங்கோவடிகளிடம் செல்ல வேண்டும். ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெருவை வருணிக்கும்போது அவர் வயிரம் சிறந்தது என்று மட்டும் கூறி அமையவில்லை. காகபாதம், களங்கம், விந்து, கோடு என வயிரத்துக்கு வரும் நான்கு குற்றங்களையும் பெயர் சுட்டுகிறார். முத்துக்குக் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் வரும் குறைகளைச் சொல்கிறார். இக்குற்றங்கள் நீங்கியவை ஆதலால் இவை நல்லவை என்பது அவருடைய நடை. நன்மைக்குக் காரணம் காட்டும் நடை அது. அத்தெருவை வியந்து பார்த்துச் சென்ற கோவலன், சிலம்பின் பரலை எவரும் சோதித்துப் பாராமையால் உயிரிழந்தான் என்பதையும் மாணவர்க்கு நினைவூட்டலாம். பொற்கொல்லனின் சொல்லை மன்னன் அப்படியே ஏற்றான். சோதனை நடந்தபோது காலம் கடந்துவிட்டது.

இனி இன்றைய உரைநடைக்கு வருவோம். பயனீட்டாளர் இயக்கம் தமிழுக்குத் தந்தது பெரும்பாலும் எச்சரிக்கை நடை. இன்னது நஞ்சு, இன்னது கலப்படம், இதை விலக்குக என்று உரத்த குரலில் கூறும் நடை அது. அதன் பெருமையைக் குறைத்துரைக்க மாட்டேன். நம் வட்டாரத்துப் பால் டப்பாவின் கதை ஒன்றே அதன் தேவையை மெய்ப்பிக்கப் போதும்.

சீனி கலந்த கெட்டிப்பால் மலாயா முழுவதும் பரவியிருந்த காலத்தில், அதனைக் குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் ஊட்டும் வழக்கமும் விளம்பரங்களின் துணையோடு பரவியது. மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் பேசுகையில், இவ்வழக்கத்தால் குழந்தைகள் இறப்பதைக் கொலை என்றே கூறினார். அவ்வுரைக்குப் பாலும் கொலையும் என்ற பொருளிலேயே தலைப்பிட்டிருந்தார். இங்கே ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த டப்பாவில் கலப்படம் இல்லை, அளவு குறையவில்லை. காப்பிக்கு அது நல்ல பொருள். குழந்தைக்கு உகந்தது என்று அதன்மேல் ஏற்றப்பட்ட சொல்லில்தான் நஞ்சு இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1981ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விற்பனை பற்றிய அனைத்துலக நெறிமுறையை உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றது. ஆதரித்தவை 118 நாடுகள்; எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. அந்நெறிமுறைக்காகப் போராடியவர்களுள் பினாங்கிலிருந்து இயங்கியோர் முன்வரிசையில் நின்றனர். விளம்பரச் சொல்லைக் கட்டுப்படுத்துவதே அந்நெறிமுறையின் உயிர்நாடி.

அக்கதை முடிந்துவிடவும் இல்லை. இன்று தே தாரேக்குக் கலக்கும் டப்பாவை எடுத்து மேற்சீட்டைப் படித்தால், பெரும்பாலானவற்றில் பால் என்ற சொல்லுக்குப் பதில் 'கிரிமர் மானிஸ்' என்று மலாயில் எழுதியிருக்கும். பாற்கொழுப்பின் இடத்தில் செம்பனை எண்ணெய் வந்துவிட்டது. பெயரை மாற்றி எழுதச் சட்டம் செய்தது, டப்பா மாறிவிட்டது, நம் நாக்கு மட்டும் இன்னும் அதைச் 'சூசு' என்றே அழைக்கிறது. சீட்டு ஒன்று சொல்ல, வழக்கு மற்றொன்று சொல்லும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எடுத்துக் காட்டுவது மொழியாசிரியரின் பணியே.

எச்சரிக்கை நடையின் வலிமை இது. அதன் குறையோ வேறிடத்தில் இருக்கிறது. வாழ்க்கையில் பெரும்பாலான வேளைகளில் நம் முன் நிற்பவை நஞ்சும் அமுதமும் ஆகா. கடையில் அருகருகே இருக்கும் இரண்டு சோற்றுப் பானைகள் நிற்கின்றன. ஒன்று 60 வெள்ளி, மற்றொன்று 180 வெள்ளி. இரண்டும் சோறாக்கும். 120 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பதற்குத் தக்க காரணம் உண்டா? இவ்வினாவுக்கு எச்சரிக்கை நடையால் விடை கூற இயலாது. நான் படித்த அளவில், தமிழில் இத்தகைய ஒப்பீட்டு எழுத்து மிகக் குறைவு. எச்சரிக்கை ஓய்ந்த இடத்தை விளம்பரம் உடனே நிரப்பிவிடுகிறது. எல்லாம் தீது என்று ஒருவர் கூவ, எல்லாம் நன்று என்று மற்றவர் கூவ, இடையில் நிற்கும் தாய் பக்கத்து வீட்டாரைக் கேட்டு வாங்குகிறாள்.

விளம்பரத் தமிழின் தலையாய சொல் 'தரம்'. தரமான பாத்திரம், உயர்தர எஃகு, ஜப்பானியத் தரம் என்று வழங்குகிறோம். தரம் என்பது வரிசையில் ஒன்றன் நிலையைக் குறிப்பது. முதல் தரம், இரண்டாம் தரம் என்று சொன்னால் பொருள் உண்டு. தரமான என்று மட்டும் சொன்னால் எந்தத் தரம் என்ற கேள்வி தொக்கி நிற்கிறது. 'ஆயுள் உத்தரவாதம்' என்பதும் அத்தகையதே. யாருடைய ஆயுள்? வாங்கியவருடையதா, பொருளுடையதா, நிறுவனத்துடையதா? பொருளுடைய ஆயுள் என்றால், பொருள் கெட்டவுடன் உத்தரவாதமும் முடிந்தது என்றாகிவிடும்! கட்டுரைப் பயிற்சியில் இத்தகைய அடைமொழிகளைப் பயன்படுத்தும் மாணவனுக்கு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பதை நாம் நிறுத்தினால் நன்று.

கண்ணாலும் செவியாலும் பொருளைச் சோதிக்கும் மரபு நம்மவரிடம் வளமாக இருந்தது. மண்பானையைத் தட்டி ஒலி கேட்பர். விரிசல் கண்ட பானையின் ஒலி மழுங்கியிருக்கும். சேலையின் ஓரத்தை நனைத்துத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பர். இச்சோதனைகள் நம்பத் தக்கவை. காரணம் வெளிப்படையாக இருந்தமையால் எவரும் செய்து பார்க்கக் கூடியவை. புதிய பொருள்கள் வந்தபோது இம்மரபு தடுமாறியது. எவர்சில்வர் பாத்திரம் வாங்குகையில் காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒட்டாவிட்டால் அசல் என்பது பலரின் நம்பிக்கை. இதில் பாதியே உண்மை. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த உயர்ந்த எஃகில் காந்தம் ஒட்டாதென்பது மெய்யே. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் மலிவான எஃகிலும் காந்தம் ஒட்டாது. அதுவோ துரு ஏறுவதில் விரைவானது. மறுபுறம், உயர்ந்த எஃகையே ஆழமாக அழுத்தி வளைத்த இடத்தில் காந்தம் சிறிது இழுபடுவதும் உண்டு. ஆகவே காந்தத்தை நம்புபவர் மட்டமானதை வாங்கவும் நல்லதைத் தள்ளவும் கூடும். இதனைத் தெளிவாக விளக்கும் இரண்டு பக்கத் தமிழ்க் கட்டுரை, எவர்சில்வரைப் புகழும் இருபது விளம்பரங்களுக்கு ஈடாகும்.

அரைவைப் பொறியில் எழுதியிருக்கும் வாட் கணக்கும் இவ்வாறே மயக்கம் தருவது. 500ஐ விட 750 சிறந்தது என்று எண்ணி வாங்குகிறோம். வாட் என்பது பொறி இழுக்கும் மின்சாரத்தின் அளவு. உளுந்து எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மென்மையாக அரைபடும் என்பதை அவ்வெண் கூறுவதில்லை. கத்தியின் வடிவும் கிண்ணத்தின் அமைப்பும் அதில் பங்கு கொள்கின்றன. மின்பொருளின் மேல் ஒட்டப்படும் சிரிம் முத்திரை பாதுகாப்புக்குச் சான்று. நீடித்துழைக்கும் என்பதற்கு அது சான்றாகாது. நட்சத்திரக் குறி மின்செலவைச் சொல்லும், வேறெதையும் சொல்லாது. ஒவ்வொரு குறிக்கும் அது எதைக் குறிக்கிறதோ அந்த ஒரு பொருளை மட்டுமே கொள்ளுதல் வேண்டும். நிகண்டு கற்ற நமக்கு இது புதிய பாடம் அன்று.

அளந்து மதிப்பிடும் எழுத்து எத்தகையது என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் உள. 1957ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் 'விச்?' என்னும் இதழ் ஒரு பழைய வண்டிக் கொட்டகையிலிருந்து வெளிவந்தது. முதல் இதழிலேயே மின்கெண்டிகளையும் ஆஸ்பிரின் மாத்திரைகளையும் ஒப்பிட்டது. பொருள்களைக் கடையில் விலை கொடுத்து வாங்கினர், இலவசமாகப் பெறவில்லை. விளம்பரம் ஏற்பதில்லை என்பதும் அவர்கள் கொண்ட நெறி. அவ்விதழின் நடையில் வியப்பு இல்லை, சீற்றம் இல்லை. ஆனால் படித்தவர் எதை வாங்குவது என்று அறிந்தனர்.

இதனினும் எனக்கு உவப்பான எடுத்துக்காட்டு ஜப்பானில் உண்டு. தோஷிபா நிறுவனம் 1955ஆம் ஆண்டு டிசம்பரில் தானியங்கு மின்சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கும் பொறுப்பை ஏற்றவர் யோஷிதாதா மினாமி என்னும் சிறு தொழிற்சாலை உரிமையாளர். மீண்டும் மீண்டும் சோறாக்கிப் பார்த்துச் சூட்டையும் நேரத்தையும் குறித்துச் சோதனை செய்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. நீர் இருக்கும் வரை பானையின் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. நீர் வற்றியதும் ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தைக் கண்டு மின்சாரம் தானே நிற்க வேண்டும். நம் அடுப்பங்கரையில் இன்று 'டக்' என்று கேட்கும் ஒலிக்கும் அடிப்படை இதுவே. பானையின் அடியில் ஒரு சோற்றுப் பருக்கை சிக்கினாலும் அடிப்பாகம் சரியாகப் பொருந்தாமல் சோறு கெடும். இவ்வொரு செய்தியை அறிந்த இல்லத்தரசி, நல்ல பானையைக் கெட்டது என்று தள்ளமாட்டாள்.

நல்ல பொருளுக்கு இலக்கணம் வேண்டுவோர் நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். எந்த நோக்கத்துக்காக அப்பொருள் வழக்கமாக விற்கப்படுகிறதோ அதற்கு ஏற்றதாதல், தோற்றமும் மெருகும் ஏற்கத்தக்கனவாதல், சிறு குறையும் இன்மை, பாதுகாப்பு, நீடித்துழைத்தல் என்னும் ஐந்தை அது எதிர்பார்க்கிறது. அதோடு நில்லாமல், மறைந்துள்ள குறைகளையும் அறிந்த ஒரு நியாயமான பயனீட்டாளர், விலையையும் சீட்டில் சொன்னவற்றையும் சீர்தூக்கி இதனை ஏற்பாரா என்றும் கேட்கிறது. விலையைக் கருதாமல் தரத்தைப் பேச முடியாது என்பதை உணர்ந்த உரைநடை அது. 60 வெள்ளிப் பானையிடம் 180 வெள்ளிப் பானையின் ஆயுளை எதிர்பார்த்தல் முறையன்று. ஆனால் 60 வெள்ளிக்குரிய ஆயுளையேனும் எதிர்பார்க்கலாம். திறனாய்வு நூல்கள் சிலவற்றில் காணக் கிடைக்காத தெளிவு இச்சட்டப் பிரிவில் இருக்கிறது என்றால் மிகையாகாது.

அச்சட்டத்தின் 37ஆம் பிரிவு பழுது பார்க்கும் வசதியும் மாற்று உறுப்புகளும் நியாயமான காலம் வரை கிடைக்க வேண்டும் என்கிறது. கிடைக்காது என்று விற்கும்போதே அறிவித்துவிட்டால் பொறுப்பு நீங்கும் என்றும் இடம் விட்டிருக்கிறது. இப்பகுதிதான் நம் எழுத்தில் அறவே இடம்பெறாதது. அழுத்தச் சமையற்கலத்தில் சூடு 120 பாகை அளவுக்கு ஏறுவதால் மூடியின் இரப்பர் வளையம் நாளடைவில் இறுகிப் போகும். அவ்வளையம் சில வெள்ளிக்குக் கிடைத்தால் கலம் இருபது ஆண்டு உழைக்கும். கிடைக்காவிட்டால் எஃகு எவ்வளவு உயர்ந்ததாயினும் கலம் குப்பைக்குப் போகும். சோற்றுப் பானையில் மிகைச்சூட்டைத் தடுக்கும் சிறிய உருகியும் அவ்வாறே. அடித்தகட்டைத் திருகாணியால் பொருத்தியிருந்தால் மாற்றலாம், கழற்ற முடியாதபடி அறைந்திருந்தால் மாற்ற இயலாது. கடையில் பானையைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? எந்தப் பொறி எந்த ஆண்டில் எங்கே பழுதாகும் என்பதை நன்கு அறிந்தவர்கள் ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் அமர்ந்து மின்பொருள்களைப் பழுது பார்ப்போர். அவர்களுடைய பட்டறிவைக் கேட்டெழுதித் தொகுத்த தமிழ் நூல் ஒன்றேனும் என் கண்ணில் பட்டதில்லை. வட்டார வழக்குச் சொற்களையும் நாட்டுப் பாடல்களையும் ஊர் ஊராகச் சென்று தொகுத்த நாம் இதையும் தொகுக்கலாம்.

குறைந்த வருவாயுள்ள குடும்பமே இவ்வெழுத்தின் இன்மையால் மிகுதியாக இழக்கிறது. செல்வர் தவறாக வாங்கினால் மற்றொன்று வாங்குவர். தவணையில் வாங்கியவரோ பொருள் பழுதாகிய பின்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பார். அவர்க்காகவே பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999இல் 10,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்ற அம்மன்றம், 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரை ஏற்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆயின் நடந்ததைக் கோரிக்கையாளரே சொல்ல வேண்டும். "பொருள் மிகவும் மோசம், ஏமாற்றிவிட்டார்கள்" என்பது அங்கே போதாது. எந்த நாளில் வாங்கியது, விற்பவர் சொன்னது என்ன, எத்தனை முறை பயன்படுத்திய பின் எந்த உறுப்பு எவ்வாறு செயலிழந்தது, பழுது பார்க்கக் கொடுத்த நாள் எது, திரும்பி வந்தபோது நிலை என்ன என்பனவற்றை வரிசையாகக் கூற வேண்டும். அதனை மலாயில் எழுதினாலும், நினைவில் ஒழுங்குபடுத்தும் வேலையைப் பலர் தாய்மொழியிலேயே செய்கின்றனர். உணர்ச்சியை அடக்கி நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு அடுக்கும் உரைநடைப் பயிற்சியை நம் வகுப்பறையில் பெறாதவர், உண்மை தம் பக்கம் இருந்தும் தடுமாறுவர். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் பத்திரமாக இருக்க, சொல் மட்டும் கைகொடாமல் போகும். ஆண்டுதோறும் 'நான் ஒரு குடை', 'நான் ஒரு நாற்காலி' என்று தன்கதைக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். அக்குடையின் கம்பி எத்தனையாவது மழையில் வளைந்தது என்று ஒரு மாணவனையும் நாம் கேட்டதில்லை.